ஸ்பெல் ஸ்லாட்டுக்குப் பதில் மானா வைத்தால் எங்கே உடையும்?

கல்மரம்

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதாபாத்திர ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை, அதாவது 2014 விதிகளை, அடிப்படையாக வைத்து ஒரு ஹோம்ப்ரூ (சொந்தமாக உருவாக்கும்) உலகம் எழுதுகிறோம். விசார்ட் (மந்திரவாதி), கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி), ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (பூட்டுத் திறக்கும் திருடர்) என்று நாலு கேரக்டர், எல்லாம் லெவல் 5. ஸ்பெல் ஸ்லாட், அதாவது ஒவ்வொரு லெவல் மந்திரத்தையும் ஒரு நாளில் இத்தனை தடவைதான் போடலாம் என்ற கணக்கு, எங்களுக்கு ஒட்டவில்லை. "மூணாம் லெவல் தீர்ந்துபோச்சு, ஆனா முதல் லெவல் நாலு பாக்கி இருக்கு" என்று கதைக்குள் எந்த மந்திரவாதியும் பேசமாட்டான். அதனால் போட்டு வைத்திருக்கும் விதிகள் இவை:

ஸ்லாட் கிடையாது. லெவல் 5-க்கு 27 மானா (மந்திர சக்திப் புள்ளி). முதல் லெவல் மந்திரத்துக்கு 2, இரண்டாம் லெவலுக்கு 3, மூன்றாம் லெவலுக்கு 5. டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) கையேட்டில் மாற்று விதியாக வரும் அதே கணக்குதான்.

மானா தீர்ந்தாலும் மந்திரம் போடலாம். ஒரு மானாவுக்கு 3 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) உடம்பிலிருந்து கழியும்.

ஒவ்வொரு மந்திரத்துக்கும் டி20 (இருபது முகப் பகடை) உருட்ட வேண்டும், கூடவே +7. இலக்கு 10 + மந்திரத்தின் லெவல். தவறினால் மந்திரமும் பலிக்காது, மானாவும் போச்சு.

லாங் ரெஸ்ட் (இரவுத் தூக்கம் மாதிரி நீண்ட ஓய்வு) எடுத்தால் மானா முழுக்கத் திரும்பும். கதைப்படி ஒரு நாளில் 2 சண்டைக்கு மேல் வருவதில்லை.

ஃபைட்டரும் ரோகும் வேடிக்கை பார்க்கிற நிலைமை வருமா? ஹிட் பாயிண்ட் விலை சரியா? இன்னொன்றும் உண்டு. கதை ஒரு பஞ்ச காலத்தில் நடக்கிறது. இவ்வளவு மந்திரம் இருக்கிற உலகத்தில் பஞ்சம் வந்தது என்றால் யாராவது நம்புவார்களா?

இருபதுமுகம்

ஃபைட்டர் வேடிக்கைதான் பார்ப்பார். காரணம் ஃபயர்பால் என்ற மூன்றாம் லெவல் தீ மந்திரத்தின் பலம் என்று நினைத்து அதைக் குறைத்துவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

லெவல் 5 விசார்டுக்கு ஸ்லாட் முறையில் முதல் லெவல் 4, இரண்டாம் லெவல் 3, மூன்றாம் லெவல் 2. மானாவாக மாற்றினால் 8 + 9 + 10 = 27. கூட்டல் பொருந்துகிறது, ஆட்டம் பொருந்தவில்லை. ஸ்லாட் ரேஷன் கார்டு மாதிரி, அரிசிக் கணக்கில் சர்க்கரை வாங்க முடியாது. மானா கையில் இருக்கும் ரொக்கம். 27-ஐ ஐந்தால் வகுத்தால் 5 ஃபயர்பால், கையில் 2 மீதி. இரண்டு இருந்த இடத்தில் ஐந்து.

ஃபயர்பால் அடி 8டி6, அதாவது எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. இன்டெலிஜென்ஸ் 18 இருந்தால் சேவ் (எதிரி தப்பிக்க உருட்டும் டி20) இலக்கு 15. எதிரியின் டெக்ஸ் (சுறுசுறுப்பு) சேவ் +1 என்றால் 65% நேரம் முழு அடி, 35% நேரம் பாதி அடி. ஆக ஒரு ஆளுக்கு 23. வட்டத்துக்குள் நாலு பேர் சிக்கினால் 92.

ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் 18, கிரேட்ஸ்வோர்ட். ஒரு வெட்டு 2டி6 + 4, சராசரி 11. ஆர்மர் 15 (தாக்க உருட்ட வேண்டிய இலக்கு) உள்ள எதிரியை 65% தொடுவார். ஒரு ரவுண்டில் இரண்டு வெட்டு, கிரிட்டிக்கலையும் (டி20-ல் 20 விழும் பெரிய அடி) சேர்த்தால் 15. நாலு ரவுண்டு சண்டைக்கு 60, ஆக்‌ஷன் சர்ஜ் என்ற கூடுதல் தாக்குதலை விட்டால் 75. அவருடைய முழுச் சண்டையையும் விசார்ட் தன் ஒரே ஒரு முறையிலேயே தாண்டிவிடுகிறார்.

இதே ஃபயர்பால் 2014 விதிகளில் ஏன் ஓரளவு தாங்குகிறது? அந்த விதிகள் ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு சண்டை, நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) என்று எண்ணி எழுதப்பட்டவை. ஆறு சண்டை என்றால் ஃபைட்டர் 24 ரவுண்டில் 360, மூன்று முறை ஆக்‌ஷன் சர்ஜ் சேர்த்து 405. விசார்ட் இரண்டு ஃபயர்பாலில் 185, மீதி ரவுண்டுகளில் சின்ன மந்திரங்களும் ஸ்லாட் செலவில்லாத ஃபயர் போல்ட்டும். ஃபயர் போல்ட் ரவுண்டுக்கு 8-ஐத் தொடாது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் வருகிறார்கள்.

உங்கள் நாளில் 2 சண்டை. ஃபைட்டருக்கு 150. விசார்டுக்கு ஐந்து ஃபயர்பாலில் 460. மந்திரத்தை நீங்கள் தொடவே இல்லை. ஒரு நிரப்பலுக்கும் அடுத்த நிரப்பலுக்கும் நடுவில் எத்தனை ரவுண்டு என்பதை மாற்றினீர்கள், அதோடு ரொக்கமாகவும் கொடுத்தீர்கள். இரண்டும் சேர்ந்ததுதான் சிக்கல்.

டேமேஜை மட்டும் பார்த்தால் இன்னொரு ஓட்டை தப்பிவிடும். ஷீல்ட் முதல் லெவல் தற்காப்பு மந்திரம், எதிரி அடிக்கும்போதே போடுவது, ரியாக்‌ஷனில் ஆர்மருக்கு +5. 27 மானாவில் 13 ஷீல்ட் போடலாம். இரண்டே சண்டை உள்ள நாளில் அது எல்லா ரவுண்டுக்கும் போதும். விசார்ட் ஃபைட்டரைவிடக் கெட்டியாக நிற்பார்.

மானாவை விடவேண்டாம் என்றால் நான் சொல்லும் திருத்தம் இது. ஒரே லெவல் மந்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் விலை ஏறட்டும். மூன்றாம் லெவல்: 5, 7, 9. இரண்டாம் லெவல்: 3, 4, 5, 6. முதல் லெவல்: 2, 3, 4, 5, 6, 7. கேரக்டர் ஷீட்டில் மூன்று வரிசை கட்டம் போட்டு இந்த எண்களை எழுதி, போடப்போட அடித்துவிட வேண்டியதுதான். மேசையில் யாரும் கூட்டல் கணக்கு போட வேண்டாம்.

மூன்று ஃபயர்பாலுக்கு 21 ஆகும். நாலாவதுக்கு 11 என்று வைத்தாலும் மொத்தம் 32, 27-ல் அடங்காது. ஷீல்ட் மட்டுமே போடுகிறவருக்கு 2 + 3 + 4 + 5 + 6 + 7 = 27, ஆறோடு சரி. விலையை மந்திரத்தின் பெயருக்கு ஏற்றாமல் லெவலுக்கு ஏற்றுங்கள். பெயருக்கு ஏற்றினால் ஃபயர்பால், லைட்னிங் போல்ட், மறுபடி ஃபயர்பால் என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தப்பிப்பார்கள்.

பரவலாகப் போடுகிறவருக்கு ஸ்லாட்டைவிடக் கொஞ்சம் குறையும். மேல் லெவல் இரண்டு, நடு லெவல் மூன்று போட்டால் 24 போய்விடும், முதல் லெவல் ஒன்றுக்குத்தான் மிச்சம். விருப்பப்படி செலவு செய்யும் வசதிக்கு அது விலை. 33 ஆக்கிக் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுத்தால் 5 + 7 + 9 + 11 = 32, நாலாவது ஃபயர்பால் உள்ளே வந்துவிடும்.

நீங்கள் கேட்ட வசனமும் கிடைக்கிறது. "கை இன்னும் சூடா இருக்கு, இன்னொரு தடவை அந்த அளவுக்கு இழுத்தா தாங்காது" என்று விசார்ட் பேசலாம்.

ஓரக்கண்

இவ்வளவு கட்டம் எதுக்கு? டிஎம் கையேட்டிலேயே மாற்று ரெஸ்ட் விதி இருக்கு. ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். ஒரு நாளைக்கு 2 சண்டைன்னாலும் நிரப்பலுக்கு நடுவுல ஆறு சண்டை தானா வந்துடும். ஸ்லாட்டையும் தொட வேணாம், மானாவும் வேணாம்.

இருபதுமுகம்

@ஓரக்கண் சண்டைக் கணக்கு சரியாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மந்திரங்களின் நேர அளவு பழைய நாளை வைத்து எழுதியது. மேஜ் ஆர்மர் என்ற தற்காப்பு மந்திரம் 8 மணி நேரம் நிற்கும். பழைய விதியில் ஒரு ஸ்லாட்டில் அன்றைய சண்டைகள் எல்லாம் அடங்கும். உங்கள் விதியில் ஒரு வாரத்துச் சரக்கில் ஒரு ஸ்லாட் போய், ஒரு பகல்தான் கிடைக்கும். ஒரு மணி நேரம் நிற்கும் மந்திரங்களுக்கும் அதே கதி. ஃபயர்பால் மாதிரி உடனே முடிகிற மந்திரத்துக்கு நஷ்டமே இல்லை. அதாவது எதைக் குறைக்க நினைத்தோமோ அதுதான் தப்பிக்கிறது. அந்த ரெஸ்ட் விதியை எடுத்தால் 1 மணி நேரத்தை 8 ஆகவும், 8 மணி நேரத்தை 3 நாளாகவும் நீட்டிவிடுங்கள்.

ஓரக்கண்

நீட்டிட்டா போச்சு. இன்னமும் உங்க கட்டத்தைவிட சுலபம்தான்.

தாயக்கட்டை

ஹிட் பாயிண்ட் விலையைப் பத்தி யாரும் சொல்லலையே. அதுதான் இதுல பெரிய ஓட்டை.

கிளெரிக் கையில கியூர் வூண்ட்ஸ்ங்கற குணப்படுத்தற மந்திரம் இருக்கு. முதல் லெவல், 1டி8 + விஸ்டம். விஸ்டம் 18-ன்னா சராசரி 8.5. உங்க விதியில 2 மானாவுக்கு விலை 6 ஹிட் பாயிண்ட். 6 குடுத்து 8.5 வாங்கறார். உருட்டல் இருக்கேன்னு கேட்பீங்க. இலக்கு 11, +7 இருக்கு, 85% பலிக்கும். தவறினதையும் கழிச்சா 7.2. அப்பவும் லாபம்தான். மானா சுத்தமா காலியான கிளெரிக், ஒரு மரத்தடியில உட்கார்ந்து அஞ்சு பத்து நிமிஷத்துல முழுக் கூட்டத்தையும் குணப்படுத்திட்டு எழுந்திருப்பார். குணப்படுத்தறதுல தேர்ந்த லைஃப் டொமைன் கிளெரிக்னா ஒவ்வொரு தடவைக்கும் இன்னும் 3 சேரும். அது அச்சடிக்கிற மெஷின்.

விசார்டுக்கும் பாருங்க. கான்ஸ்டிட்யூஷன் 14-ன்னா 32 ஹிட் பாயிண்ட். ஒரு ஃபயர்பால் 15. ரெண்டு போட்டுட்டு 2 ஹிட் பாயிண்ட்டோட நிப்பார். சண்டையோட கடைசி ரவுண்டுல போட்டா ஆபத்தே இல்ல, அடிக்க ஆள் இருக்காது. அப்புறம் ஷார்ட் ரெஸ்ட்ல அஞ்சு ஹிட் டைஸ் (ஓய்வுல உடம்பைத் தேத்தற பகடை) உருட்டினா 27 திரும்பிடும். அதுவும் 9 மானா.

உடம்பால விலை குடுக்கறது பழைய யோசனைதான். 1975-ல வந்த டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்ல மந்திரம் போட்டா ஸ்ட்ரெங்த் குறையும். 1989-ல ஷாடோரன் வந்தப்போ ட்ரெயின்னு வெச்சாங்க, மந்திரம் பலிச்சாலும் பலிக்காட்டியும் போட்டவன் மேல ஒரு அடி விழும், அதைத் தாங்க தனியா உருட்டணும். இந்த மாதிரி விதி நிக்கணும்னா ஒரு நிபந்தனை உண்டு. விலையா குடுத்ததை அதே மந்திரத்தால திரும்ப வாங்க முடியக்கூடாது. உங்க விதியில அந்தக் கதவு திறந்தே கிடக்கு.

அடைக்க ரெண்டு வழி.

ஒண்ணு, போற ஹிட் பாயிண்ட் அதிகபட்சத்துலேர்ந்தே போகட்டும், லாங் ரெஸ்ட் வரைக்கும் எந்த மந்திரமும் போஷனும் அதை ஏத்தக்கூடாது. சுலபம். ஆனா ரெஸ்ட் எடுத்த மறுநாள் எல்லாம் மறந்துபோகும்.

ரெண்டாவது எனக்குப் பிடிச்சது. விலையை ஹிட் டைஸ்ல வாங்குங்க. மந்திரத்தோட லெவல் எவ்வளவோ அத்தனை டைஸ். லெவல் 5-க்கு மொத்தமே அஞ்சு. லாங் ரெஸ்ட்ல பாதிதான் திரும்பும், அதாவது 2. மானா தீர்ந்தப்புறம் ஒரு ஃபயர்பால் போட்டா 3 டைஸ் போச்சு. நாளைக்கு 2 வரும், மூணாவது நாளைக்கழிச்சுதான். இன்னிக்கு எடுத்த கடன் ரெண்டு நாள் உடம்புல தெரியும். இதுக்கு புதுசா எந்த எண்ணும் எழுத வேணாம், ஷீட்லயே இருக்கு.

எக்ஸாஸ்ஷன் (களைப்பு) லெவலை விலையா வைக்கலாமேன்னு அடுத்து யாராவது வருவீங்க. வைக்காதீங்க. முதல் லெவல்ல எபிலிட்டி செக்குக்கு (திறமை உருட்டலுக்கு) மட்டும் டிஸ்அட்வான்டேஜ், ரெண்டு டி20 உருட்டி சின்னதை எடுக்கணும். பூட்டுத் திறக்கற ரோகுக்குத்தான் அது வலிக்கும். மூணாம் லெவல்ல அட்டாக்குக்கும் சேவுக்கும் வருது, ஃபைட்டர் காலி. ஃபயர்பால் போடற விசார்ட் அட்டாக் ரோலே உருட்டறதில்ல, அவரோட சேவ் இலக்கு 15 அப்படியே நிக்குது. அடி வாங்கினாத்தான் நீடிக்கற மந்திரத்தைப் பிடிச்சு வெக்கற கான்சென்ட்ரேஷன்ல கொஞ்சம் தெரியும். வெச்சே ஆகணும்னா ஒவ்வொரு லெவலுக்கும் மந்திர சேவ் இலக்குல 1 குறைச்சுடுங்க.

பின்வரிசை

டி20 உருட்டலைப் பற்றி மட்டும்.

இலக்கு 13, +7 என்றால் ஃபயர்பால் 75% பலிக்கும். ஆளை அசையாமல் நிறுத்தும் ஹோல்ட் பெர்சனுக்கு இலக்கு 12, அது 80%. ஆனால் அதன் பிறகு எதிரியும் சேவ் உருட்டுவான். 65% தவறுவான் என்று வைத்தால் மொத்தத்தில் 52%. இரண்டு வாசல் வைத்து இரண்டிலும் காவல் போட்ட மாதிரி ஆகிறது. கட்டுப்படுத்தும் மந்திரங்கள் மேசையிலிருந்தே காணாமல் போகும். சேவ் தப்பினாலும் பாதி அடி தரும் ஃபயர்பால்தான் மிஞ்சும். குறைக்க நினைத்ததை வளர்ப்பது என்பது இதுதான். தவிர, தன் முறைக்காகப் பத்து நிமிடம் காத்திருந்த பிளேயர் உருட்டி, "ஒன்றும் நடக்கவில்லை" என்று கேட்பதில் எந்த ருசியும் கிடையாது.

பகடை வேண்டுமென்றால் பக்கவிளைவுக்கு வையுங்கள். மந்திரம் எப்போதும் பலிக்கட்டும், கூட என்ன நடக்கிறது என்பதைப் பகடை சொல்லட்டும். வார்ஹாமர் ஃபேன்டஸி ரோல்ப்ளேயின் இரண்டாம் பதிப்பில் இருக்கும் முறை இதற்கு நல்ல முன்மாதிரி. மந்திரவாதி எத்தனை டி10 உருட்டுவது என்று தானே முடிவு செய்வார். அதிகம் உருட்டினால் பலம் அதிகம். ஆனால் ஒரே எண் இரண்டு பகடையில் விழுந்தால் சின்னச் சாபம், மூன்றில் விழுந்தால் பெரியது, நாலில் விழுந்தால் பேராபத்து.

இதன் எண்கள் அழகானவை. இரண்டு டி10-ல் ஜோடி விழ 10%. மூன்றில் 28%. நாலில் 50%-க்கு ஒரு முடி குறைவு. டி6-ல் இதையே செய்தால் 17%, 44%, 72%. அது ரொம்பச் சூடு, டி10 போதும். எவ்வளவு ஆபத்து என்பதை பிளேயரே தேர்ந்தெடுப்பதால் சாபம் வந்தாலும் டிஎம் மேல் கோபம் வராது.

உங்கள் விதிக்குள் இதைப் பொருத்த: முதல் இரண்டு கட்டத்துக்கு உருட்டல் வேண்டாம். மூன்றாவது கட்டத்திலிருந்து, அதாவது இருபதுமுகம் போட்ட 9-ல், இரண்டு டி10. ஹிட் டைஸ் கொடுத்துப் போடும்போது மூன்று.

சாபப் பட்டியல் எழுதும்போது ஒரு பெருக்கல் போடுங்கள். "டி20-ல் 1 விழுந்தால்" என்பது 5%. கேட்க ஒன்றுமில்லை. ஒரு அமர்வில் 9 மந்திரம் போட்டால் குறைந்தது ஒருமுறையாவது அது விழ 37% வாய்ப்பு. பத்து அமர்வில் 99%. அந்த இடத்தில் "கை கருகி உதிர்கிறது" என்று எழுதியிருந்தால் எல்லா விசார்டும் ஒற்றைக் கையோடுதான் கதையை முடிப்பார்கள். எதிரி மந்திரவாதிக்கு இந்தப் பட்டியலால் பயமே இல்லை. அவன் மூன்று ரவுண்டு வாழ்ந்துவிட்டுச் சாகிறான். நிரந்தரச் சாபம் எல்லாமே பிளேயர் தலையில்தான் சேரும். ஆகவே பட்டியலில் பெரும்பாலானவை அந்தச் சண்டையோடு முடியட்டும்: விளக்குகள் அணைவது, காது அடைப்பது, 10 அடி பின்னால் தள்ளப்படுவது, அடுத்த ரவுண்டு ரியாக்‌ஷன் போவது. நிரந்தரமானது ஒன்றிரண்டு இருந்தால் போதும், அதுவும் மூன்று பகடை ஒன்றாக விழும் 1% இடத்தில்.

ரோகைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ரோகின் வேலையைப் பிடுங்குவது டேமேஜ் அல்ல, நாக் மாதிரி மந்திரங்கள்தான். ஆனால் நாக்கை எழுதியவர்கள் அதற்குள்ளேயே விலை வைத்திருக்கிறார்கள்: பூட்டு திறக்கும், 300 அடி தூரம் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். ரோக் சத்தமில்லாமல் திறப்பார், விசார்ட் ஊரைக் கூட்டித் திறப்பார். நீங்கள் புதிதாக எழுதும் பயன்பாட்டு மந்திரங்களுக்கு இந்த மாதிரி விலையைத் தேடுங்கள், மானாவை ஏற்றுவதைவிட இது வேலை செய்யும்.

திரிவிளக்கு

பஞ்சக் கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுதான் சுவாரசியம்.

இப்போதைய விதிப்படி உங்கள் உலகத்தில் பஞ்சம் வராது. குட்பெர்ரி முதல் லெவல் மந்திரம். பத்துப் பழம், ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. ஸ்லாட் முறையில் லெவல் 5 ட்ரூயிட் (இயற்கை மந்திரம் போடுகிறவர்) ஒன்பது ஸ்லாட்டையும் அதிலேயே போட்டால் 90 பேர். 27 மானாவில் 13 தடவை, 130 பேர். (மூன்றாம் லெவல் கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர் 15 பேருக்குத்தான் சோறு போடும். முதல் லெவல் மந்திரம் அதை இப்படித் தோற்கடிப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை.) ஏறுவிலைக் கட்டம் வைத்தால் ஆறோடு நின்று 60 பேர். சண்டைக்காகப் போட்ட விதி பஞ்சத்தையும் கொஞ்சம் காப்பாற்றுகிறது. மந்திரத்தின் விலையும் நிரப்பும் நேரமும் மாறினால் சண்டை, சமையல், அரசியல் மூன்றும் சேர்ந்து மாறும்.

ஆனால் உண்மையான எதிரி பிளான்ட் க்ரோத். மூன்றாம் லெவல், 8 மணி நேரம் போட்டால் அரை மைல் ஆரத்துக்குள் இருக்கும் நிலம் ஒரு வருடத்துக்கு இரட்டை விளைச்சல் தரும். அரை மைல் ஆரம் என்றால் சுமார் 500 ஏக்கர். ஒரு ட்ரூயிட் ஒரு நாளைக்கு ஒருமுறை, ஒரு மாதத்தில் 15,000 ஏக்கர். மண்ணெண்ணெய் இல்லை, உரம் இல்லை, எந்தப் பொருள் செலவும் இல்லை. இப்படி ஒரு ஆள் இருக்கிற நாட்டில் ராஜா பஞ்சத்தைப் பற்றிப் பேசினால் பிளேயர்கள் சிரிப்பார்கள், சிரிக்கவும் வேண்டும்.

பலரும் செய்வது அந்த மந்திரத்தைத் தடை செய்வது. செய்யலாம், ஆனால் உலகத்துக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. எங்கே நெருக்கடி என்று முடிவு செய்தால் கதையே கிடைக்கும். நெருக்கடி வைக்க ஐந்து இடம் உண்டு: போடத் தெரிந்த ஆட்கள், பொருள், நேரம், யார் அனுமதி, போட்ட பிறகு மிச்சம் என்ன. உங்கள் பஞ்சத்துக்கு நான் கடைசியைத் தேர்ந்தெடுப்பேன். பிளான்ட் க்ரோத் விளைச்சலை உண்டாக்குவதில்லை, பக்கத்து நிலத்திலிருந்து இழுக்கிறது என்று வையுங்கள். வட்டத்துக்குள் இரட்டை, அதைச் சுற்றி அதே பரப்பு வளையத்தில் ஒன்றுமில்லை. 500 ஏக்கர் வட்டத்தைச் சுற்றி 500 ஏக்கர் வளையம் என்றால் வெளி விளிம்பு மையத்திலிருந்து 0.7 மைல். வரைபடத்தில் காம்பஸ் வைத்துப் போட்டுவிடலாம். எந்த ஊர் கோயிலுக்கு ட்ரூயிட் இருக்கிறாரோ அது செழிப்பு, அதற்கு அடுத்த ஊர் காய்ந்து கிடக்கிறது. மழை பொய்த்தது என்று ராஜா சொல்வார், வளையத்தைப் பார்த்த யாரும் நம்பமாட்டார்கள். ஃபைட்டரும் ரோகும் இரவில் எல்லைக் கற்களை அளக்கப் போகிற ஒரு சாகசம் இதிலேயே இருக்கிறது.

பொருள் நெருக்கடி எப்படி வேலை செய்யும் என்பதற்குக் கன்டினியுவல் ஃப்ளேமை எடுத்துக்கொள்ளுங்கள். அணையாத சுடர், செலவு 50 தங்கத்துக்கு மாணிக்கப் பொடி. தீவட்டி ஒரு செம்புக் காசு, ஒரு மணி நேரம் எரியும். 50 தங்கம் என்பது 5,000 செம்பு, அதாவது 5,000 தீவட்டி. ஒரு ராத்திரிக்கு 12 மணி நேரம் என்றால் 417 ராத்திரியில் போட்ட காசு திரும்பிவிடும். கோட்டை, சுரங்கம், பெரிய கோயில் எதிலும் தீவட்டி இருக்கக் காரணமே இல்லை. கூலியாளுக்கோ ஒரு நாள் சம்பளம் 2 வெள்ளி. அதே சுடர் அவருடைய 250 நாள் கூலி. அவர் வீட்டில் விளக்கு இருக்காது. அரண்மனைத் தெருவில் சுடர் பதித்த கல்லைப் பெயர்த்துப் போகிற திருடர்கள் இருப்பார்கள். சுடரை மூடி மறைக்கலாம், அணைக்க முடியாது என்பதால் அதைத் தடித்த துணியில் சுற்றி விற்கும் ஒரு கடைத்தெருவும் இருக்கும். விலைப்பட்டியலில் இருந்த இரண்டு எண்ணிலிருந்து இவ்வளவும் வருகிறது.

இன்னொன்று, ராஜாவைக் கொலை செய்கிற கதை வைத்திருந்தால் செத்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட்டைப் படித்துவிடுங்கள். 500 தங்க வைரம், செத்து 10 நாளுக்குள். தலை இல்லையென்றால் பலிக்காது. கொலையாளி தலையை எடுத்துக்கொண்டு போகாவிட்டால் அவன் தொழில் தெரியாதவன்.

கல்மரம்

எல்லாருக்கும் நன்றி. இப்படி மாற்றுகிறோம்: 27 மானா, ஏறுவிலைக் கட்டம். கட்டம் தீர்ந்தால் ஹிட் டைஸ். டி20 உருட்டல் போச்சு, பதிலுக்கு டி10 ஜோடி. வளையப் பஞ்சம் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். நாளுக்கு 4 சண்டை வைக்கப் பார்க்கிறோம், அதற்கு மேல் கதை தாங்காது.

இரண்டு சந்தேகம். எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும் கவுண்டர்ஸ்பெல்லும் மூன்றாம் லெவல் கட்டத்திலேதானே போகும்? இதை அமர்வுக்கு முன்னாலேயே சோதிக்க வழி உண்டா?

இருபதுமுகம்

அதே வரிசைதான். ஃபயர்பால் 5, அதன்பின் கவுண்டர்ஸ்பெல் 7. தடுக்கப்பட்டவருக்கும் அவர் கட்டம் போகும், ஸ்லாட் விதியிலும் போகத்தான் செய்கிறது. இரண்டு விசார்ட் மோதினால் ஆளுக்கு மூன்று கட்டத்தோடு முடிந்து, யார் ஹிட் டைஸை எடுக்கத் துணிகிறார் என்று ஆகும்.

நாலு சண்டையில் ஃபைட்டர் 16 ரவுண்டு, 240. ஷார்ட் ரெஸ்ட் ஒன்று வைத்தால் ஆக்‌ஷன் சர்ஜ் இரண்டு, 270. விசார்ட் மூன்று ஃபயர்பாலில் 277, அதுவும் ஒவ்வொன்றிலும் நாலு பேர் சிக்கினால். சிக்குவது இரண்டு பேர் என்றால் 139. ஆகவே எதிரிகளை எப்போதும் கும்பலாக நிறுத்தாதீர்கள். ஃபயர்பால் வட்டம் 20 அடி ஆரம், வில்லாளிகளை 50 அடி இடைவெளியில் வைத்தாலே ஒன்றுக்கு ஒருவர்தான் மாட்டுவார்.

சோதனைக்குக் கதை தேவையில்லை. ஒரே நாலு சண்டையை எழுதிவைத்து, மூன்று விதமாக ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் விசார்ட் ஒரே மந்திரத்தை மட்டும் போடட்டும். இரண்டாவதில் எல்லாவற்றையும் முதல் சண்டையிலேயே கொட்டட்டும். மூன்றாவதில் கிளெரிக் தன் உடம்பையும் ஹிட் டைஸையும் வைத்து எவ்வளவு கறக்க முடியுமோ கறக்கட்டும். விதியை உடைக்கவே உட்காரும் ஆள் ஒருவர் வேண்டும், குழுவில் யார் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு சண்டை முடிவிலும் மீதி மானா, ஹிட் டைஸ், ஆளுக்கு எவ்வளவு டேமேஜ், எத்தனை ரவுண்டு, இந்த நாலை மட்டும் குறியுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் முதல் சண்டை ஒரே ரவுண்டில் முடிந்து, மீதி மூன்றில் விசார்ட் ஃபயர் போல்ட் மட்டும் போட்டால் விதி சரியாகத்தான் ஓடுகிறது. முதல் சண்டை முடிந்ததும் கூட்டமே படுத்துத் தூங்கக் கிளம்பினால் சரியில்லை.

தாயக்கட்டை

அந்தத் தூக்கத்துக்கு ஒரு கடிவாளம் போடுங்க. 2014 விதியிலேயே 24 மணி நேரத்துல ஒரு லாங் ரெஸ்ட்தான். காலையில பத்து மணிக்கு சண்டை முடிஞ்சு படுக்கறேன்னாங்கன்னா, ராத்திரி வரைக்கும் பலன் இல்லைன்னு சொல்லிடுங்க. பஞ்ச ஊர்ல பகல் முழுக்க உட்கார்ந்து காத்திருந்தா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்கன்னும் கேளுங்க. ட்ரூயிட்கிட்ட குட்பெர்ரி வாங்கணும்னா அவர் கோயில் இருக்கற ஊருக்குத்தான் போகணும்.